டிக்ஷ்னரி சித்தரின் சொல் தீர்த்தம்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த மண்டபத்தில் இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணமே நடக்கவில்லை. ஆனால் எந்தக் கல்யாணத்துக்கும் வராத கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஆலங்காயத்திலிருந்து வேன், ஆற்காட்டிலிருந்து வேன், பேரணாம்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோ. எல்லார் கையிலும் காலி பாட்டில். டிக்ஷ்னரி சித்தர் வந்திருந்தார்.

தலையணை கனத்துக்கு இருக்கும் ஓர் ஆங்கில அகராதியைச் சித்தர் அண்டாவில் போட்டு ஒரு வாரம் வேகவைப்பாராம். அதில் வரும் கலங்கல் தண்ணீருக்குச் சொல் தீர்த்தம் என்று பெயர். பாட்டில் ஐந்நூறு ரூபாய். நாற்பத்தெட்டு நாள் குடித்தால் ஆங்கிலம் அருவியாகக் கொட்டும். நடுவில் வயிற்றைக் கலக்கினால் பயப்படக் கூடாது, அது உள்ளே வார்த்தைகள் இடம் பிடிக்கிற சத்தம்.

நிபந்தனை இரண்டுதான். புத்தகம், நோட்டு எதையும் தொடக் கூடாது. பிரியாணி சாப்பிடக் கூடாது. ஆம்பூரில் நாற்பத்தெட்டு நாள் பிரியாணி சாப்பிடாதவன் பிறந்திருக்கிறானா? பலிக்கவில்லை என்று யார் வந்தாலும் சித்தர், "பிரியாணி தின்னியா?" என்று ஒரே கேள்வி கேட்பார். வந்தவர் தலைகுனிந்து திரும்புவார்.

செண்பகம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகத் தைக்கிறவள். நாற்பத்தெட்டு நாள் முடிந்து வரும் திங்கட்கிழமை அவளுக்குச் சூப்பர்வைசர் இன்டர்வியூ. ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையரோடு ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். இந்த முறை விட்டால் அந்த நாற்காலி நேற்று வந்த பையனுக்குப் போய்விடும். அதற்காகவே ஒரு வருடமாக ஷூ டப்பாக்களில் இருக்கும் வார்த்தைகளைத் தினம் பத்து பத்தாக ஒரு நோட்டில் அர்த்தத்தோடு எழுதிவந்தாள். முதல் ஞாயிறே அந்த நோட்டைச் சித்தரின் காலடியில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். வைத்துவிட்டாள்.

அன்று மேடையில் நடந்ததை அவளால் மறக்க முடியாது.

"எத்தனை இங்கிலீஷ் வார்த்தை தெரியும்மா?" என்றார் சித்தர்.

"பேச வராது சாமி. எழுதி எழுதிப் பாக்கறேன்."

"அப்ப பூஜ்யம்," என்றார். அவருடைய சீடர் வேதாசலம், கையில் இருந்த எண்ணும் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். செண்பகம் ஒரு வாய் தீர்த்தம் குடித்தாள். "இப்ப உன் வேலய பத்தி வாய்க்கு வந்தத சொல்லு," என்றார் சித்தர். அவள் சொன்னாள். அதில் வந்த ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் வேதாசலம் டிக் டிக் என்று அழுத்தினார். இருநூற்றுப் பன்னிரண்டு. மண்டபமே கைதட்டியது, செண்பகம் அழுதாள்.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்தது. பல் தேய்க்கும்போது கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தாள். ஒன்றும் கொட்டவில்லை, நோட்டில் எழுதியதும் மறந்துபோயிருந்தது. கம்பெனியில் கூட வேலை செய்யும் ஆபித் பாஷா வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்ட அரை பிளேட் பிரியாணிதான் தன்னைக் கெடுத்தது என்று நினைத்தாள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதே கம்பெனியில் தோலைப் பரிசோதிக்கும் செக்கிங்கில் வேலை செய்யும் அவள் தோழி பிரிசில்லாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இன்னா செண்பகம், கெமிக்கல் போட்ட தோலு நல்லா இருக்கான்னு எப்பிடி பாப்போம்? போடாத தோல பக்கத்துல வெச்சிதானே பாப்போம்?"

"ஆமா."

"அப்ப குடிக்காத ஒரு ஆள பக்கத்துல வெச்சி பாத்தாங்களா?"

பதினோரு வருடமாகத் தோலுக்குச் செய்ததைத் தனக்குச் செய்யத் தோன்றவில்லையே என்று செண்பகத்துக்கு வெட்கமாக இருந்தது.

எட்டாவது ஞாயிறு பிரிசில்லா மேடை ஏறினாள். கூடவே கம்பெனியைப் பெருக்கும் கமலம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்.

"சாமி, இந்தக்கா ஒரு சொட்டு குடிக்கல. இவங்களுக்கும் எண்ணுங்க."

சித்தர் சிரித்தார். "குடிக்காம இன்னாம்மா வரும்?"

"வராதுன்னா பூஜ்யம்தானே சாமி. எண்ணிப் பாக்கறதுல உங்களுக்கு இன்னா பேஜாரு?"

கூட்டம் எண்ணச் சொல்லிக் கத்தியது. கமலம் தொண்டையைச் செருமினாள்.

"காலையில அலாரம் அடிச்சா எழுந்து கேஸ் பத்த வெச்சி டீ போடுவேன். டிபன் பாக்ஸ் எடுத்துகினு பஸ் ஏறி டிக்கெட் வாங்குவேன். கேட்டுல செக்யூரிட்டி கார்டு கேப்பான். கட்டிங் செக்‌ஷன்ல பெருக்குனா லைனிங் துண்டு, சோல், ஹீல், லேஸ், பக்கிள், எல்லாம் வேஸ்ட்டு. ஷிப்மென்ட் லேட்டாச்சின்னா ஓவர்டைம். மேனேஜருக்கு டென்ஷன், சூப்பர்வைசருக்கு பிரஷர், எனக்கு சுகர்."

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள், வேதாசலத்தின் கட்டைவிரல் வீங்கியது. முன்னூற்று ஆறில் அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டார். கமலம் இன்னும் மதியச் சாப்பாட்டுக்கே வரவில்லை.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இந்தம்மா யாரோ தீர்த்தம் குடிச்ச டம்ளர கழுவியிருக்கும்," என்றார் சித்தர்.

"அப்ப கழுவுற தண்ணியே போதுமே சாமி. அண்டா எதுக்கு?" என்று கேட்ட பிரிசில்லா, நேராகப் போய் அண்டாவில் கரண்டியை விட்டாள். மேலே வந்தது அகராதி இல்லை, யாரோ ஒருவர் எழுதிய நோட்டின் அட்டை. அகராதி சித்தரின் ஆசனத்துக்கு அடியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. வெந்ததெல்லாம் ஜனங்களின் நோட்டு.

"வேதாசலம், கார் ஸ்டார்ட் பண்ணு. பேக் எடு. பெட்ரோல் இருக்கா? ரிவர்ஸ் போ, ரிவர்ஸ்," என்று ஓடினார் சித்தர். கமலம் கீழே கிடந்த கருவியை எடுத்து அழுத்தினாள்.

"ஆறு," என்றாள். "இவரு இன்னும் கொஞ்சம் குடிக்கணும்."

அடுத்த வாரம் வேகவிருந்த குவியலில் செண்பகத்தின் நோட்டு, அட்டை மட்டும் கிழிந்து, கிடந்தது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அன்று மீதிப் பொழுது முழுக்கப் படித்தாள். கமலம் மேடையில் அடுக்கிய மாதிரி, தினம் வாயில் புழங்கும் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் சொந்தக்கார வார்த்தை இரண்டை, ஷிப்மென்ட்டுக்கு லோடு, டெலிவரி என்பதுபோல், சேர்த்து எழுதினாள். திங்கட்கிழமை பையர் கேட்ட பத்துக் கேள்வியில் எட்டுக்குத் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னாள். தெரியாத இரண்டு வார்த்தையை அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக்கொண்டாள். நாற்காலி அவளுக்குத்தான் கிடைத்தது. போன வாரம் ஒரு நாள் மதியம் ஒரு முழு பிளேட் பிரியாணி வாங்கி, பிரிசில்லாவோடும் கமலத்தோடும் தைரியமாகச் சாப்பிட்டாள்.

வாணியம்பாடிப் பக்கம் இப்போது கால்குலேட்டரை வேகவைக்கும் ஒரு கணக்குச் சித்தர் வந்திருக்கிறாராம். காலி பாட்டிலோடு வேன் ஏறப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அண்டாவில் வேக வேண்டியது பிரியாணி. அதில் கொண்டுபோய் உங்கள் மூளையை இறக்காதீர்கள்.