மூன்றாவது டப்பாவும் நசரத்பேட்டை வைக்கோலும்

வண்டி கெட்டால் ஓட்டியவரைப் பழிப்பது உலக வழக்கம். ஓட்டியவர் பெண்ணாக இருந்துவிட்டால் விசாரணையும் கிடையாது, நேரே தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நான் தீ வைத்துவிட்டு வந்ததாக எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. திருமுல்லைவாயிலில் குடியிருந்தோம். நான் அம்பத்தூரில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சேகருக்கு ஸ்கூட்டரே போதும். அடம்பிடித்து ஒரு வெள்ளைக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்க வைத்ததும் நான்தான், வீட்டில் அதை ஓட்டத் தெரிந்ததும் எனக்கு மட்டும்தான். வண்டி பிறந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் முதல் சொந்தக்காரர் வாடகைக்கு விட்டுத் தேய்த்ததில் கிழடுதட்டிப் போய், சிக்னலுக்குச் சிக்னல் இருமும்.

அதன் அடிவயிற்றில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா. அப்போதுதான் சட்டம் போட்டுப் புது வண்டிகளில் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். எஞ்சின் கக்கும் விஷப் புகையை உள்ளே இருக்கும் வினையூக்கி சாதுவாக்கி வெளியே விடும். வினையூக்கி என்றால் வினையைத் தூண்டிவிட்டுத் தான் மட்டும் மாறாமல் இருப்பது என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டவள் நான். என் வண்டியில் இருந்தது பாடப்புத்தகம் படிக்காத வினையூக்கி. வாங்கிய கொஞ்ச நாளிலேயே அடைத்துக்கொண்டது. சின்ன மேடு வந்தாலும் வண்டி முக்கியது. உள்ளே அழுகிய முட்டை நாற்றம் வேறு. (நாற்றம் வந்ததும் என் மாமியார் திரும்பி மாமனாரைப் பார்ப்பார். பாவம், அந்த மனுஷன் அந்தக் காரில் எத்தனை பழியைச் சுமந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.)

மெக்கானிக் பாஸ்கர் டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தார். உருகி இறுகிய கட்டிகள் பொலபொலவென்று விழுந்தன. புதுசு போட்டோம். சில மாதங்களில் அதுவும் அதே கதி. பாஸ்கருக்கு அந்த டப்பாவையே பிடிக்கவில்லை.

"இன்னாம்மா இது, பொகைய வடிகட்டி வுட்றதுக்கு டீக்கடையா வச்சிகீறோம்? கழட்டிக் கடாசிட்டா வண்டி பறந்துகினு போவும்" என்றார்.

நான் மறுத்துவிட்டேன். சேகர், நான் எப்போதும் கிளட்சில் கால் வைத்துக்கொண்டே ஓட்டுவதுதான் காரணம் என்றார். மாமியார் திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழம் நசுக்கினார். எனக்குக் காரணம் ஐயமறத் தெரியும். ஈயம். அந்தக் காலத்தில் ஈயம் கலந்த பெட்ரோல், கலக்காத பெட்ரோல் இரண்டும் விற்றார்கள். ஈயம் பட்டால் வினையூக்கி செத்துப்போகும். எனவே பங்க்கில் எவனோ எனக்கு மாற்றி ஊற்றுகிறான். அன்றிலிருந்து பெட்ரோல் போடும்போதெல்லாம் இறங்கி நின்று, குழாயை முகர்ந்து பார்த்து, க்யூவில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஈயத்தின் தீமைகளைப் பாடம் எடுத்தேன். என் வண்டி திரும்புவதைப் பார்த்ததும் பங்க்கில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஈயம் வினையூக்கிக்கு விஷம் வைக்கும், உருக்காது. இதை ஒரு மாணவன் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். உருகிய கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு மட்டும் தோன்றவில்லை.

மூன்றாவது டப்பா போட்ட பிறகுதான் கொழுந்தன் ரவிக்கு நசரத்பேட்டையில் பெண் பார்க்கப் போனோம். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஆவடி, பூந்தமல்லி வழியாகப் போனேன். வழியெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. பெண் வீட்டார் பழைய விவசாயக் குடும்பம். பெண்ணின் அப்பா ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மிச்சமிருந்த கழனியையும் மாடுகளையும் விடாமல் வைத்திருந்தார். வாசலில் வருஷத்துக்கும் மாடு தின்ன ஒரு வைக்கோல் போர். ரோட்டிலேயே நிறுத்து என்றார் சேகர். வெயிலில் நிறுத்தமாட்டேன் என்று புளியமரத்து நிழலுக்குக் கொண்டுபோனேன். அங்கே தரையில் வைக்கோல் மெத்தை மாதிரி சிதறிக் கிடந்ததை நான் கவனிக்கத்தான் செய்தேன். வைக்கோல் மேல் கார் நிறுத்தக் கூடாது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பஜ்ஜி வந்தது. கூடவே நாற்றமும் வந்தது. மாமியார் பழக்கதோஷத்தில் மாமனாரைப் பார்த்தார். இந்த முறை அவர் ஜன்னலைக் காட்டினார். காரின் அடியிலிருந்து புகை.

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். டப்பா கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி செக்கச் சிவந்திருந்தது. கீழே வைக்கோல் பற்றி, போரைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தப் போர் போனால் மாடுகள் பட்டினி, கல்யாணமும் போச்சு. வண்டியில் ஏறிச் சாவியைத் திருகியபோது, பட்டுப் புடவையோடு ஒரு பெண் மாட்டுக் கழுநீரை வாளியில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நாங்கள் பார்க்க வந்த பெண் அவள்தான், செல்வி.

"டப்பா மேல மட்டும் ஊத்தாதம்மா, வெடிச்சிடும்" என்று கத்தினேன். (போர் எரியப் போகிறது, இவளுக்கு டப்பா கவலை என்று ஊரே என்னைப் பார்த்தது.) அவள் ஊற்றினாள். டப்பென்று ஒரு சத்தம். மூன்றாவதும் முடிந்தது.

நான் வண்டியை ரோட்டுக்கு ஏற்றினேன். ஆண்கள் மிதித்தும் அடித்தும் மிச்ச நெருப்பை அணைத்தார்கள். போர் தப்பியது. பெண்ணின் அத்தை, வந்ததும் வராததுமாக நெருப்பு வைத்த குடும்பம் நமக்கு வேண்டாம் என்று சத்தமாகவே சொன்னார். சேகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கோ அப்போதுதான் மண்டையில் வெளிச்சம். இவ்வளவு சூடு ஈயத்தால் வராது. எஞ்சினில் எரியாத பெட்ரோல் அப்படியே டப்பாவுக்குள் வந்து அங்கே எரிகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்யப் போனேன். இரண்டு குடும்பமும் ஒரே குரலில் வேண்டாம் என்றது. (சம்பந்திகள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.) நான் கேட்கவில்லை. ஸ்டார்ட் செய்துவிட்டுப் பானெட்டைத் தூக்கினேன். பொழுது சாயும் நேரம். ஒரு ப்ளக் ஒயரின் வெடிப்பிலிருந்து நீலப் பொறி சடசடவென்று எஞ்சின் மேல் குதித்துக்கொண்டிருந்தது. பெட்ரோலைப் பற்றவைக்க ப்ளக்குக்குப் போகவேண்டிய பொறி. இரண்டு டப்பா மாற்றியும் ஒருவரும் பார்க்காத ஒயர்.

"அந்த டப்பா இன்னாத்துக்குக்கா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. புடவையெல்லாம் கழுநீரும் தவிடுமாகச் செல்வி நின்றாள். முகத்தில் கரியோடு நான் முழுப் பாடத்தையும் எடுத்தேன். அவள் நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டும் நல்ல கேள்விகள். பிறகு உள்ளே போய் அப்பாவிடம் சொன்னது வாசல்வரை கேட்டது.

"அந்த ஊட்ல பொம்பள வண்டி ஓட்றாங்க, கேள்வி கேட்டா மறைக்காம பதில் சொல்றாங்க. எனக்கு சம்மதம் நைனா."

அத்தை முணுமுணுத்தார். அப்பா மகளைப் பார்த்தார், போரைப் பார்த்தார், தட்டை மாற்றச் சொன்னார்.

ஒயரை மாற்றினேன். நாலாவது டப்பா அந்த வண்டியை விற்கும்வரை உழைத்தது. பாஸ்கரிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது, "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா டீச்சரம்மா?" என்று என்னையே கேட்டார்.

செல்வி எனக்கு ஓர்ப்படியாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்த விசேஷத்திலும் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் ரவி புலம்ப ஆரம்பிப்பான். உலகத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துச் சம்மதம் சொன்ன பெண்கள் உண்டு, மாப்பிள்ளையின் அண்ணியைப் பார்த்துச் சம்மதம் சொன்னவள் இவள் ஒருத்திதான் என்பான். வெற்றிலை மடித்துக்கொண்டே, நிமிராமல், செல்வி பதில் சொல்லுவாள்.

"அன்னிக்கு எங்க நேரம் இருந்துச்சு? இவர இப்பதான் பாத்துகினு கீறேன். இன்னும் முடிவு பண்ல."