நீர்நாயும் கடல்விராலும் மஞ்சள் கயாக்கும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்வது, இந்தக் காடு உப்புத் தண்ணீரில் முழங்கால் வரை நிற்கிற அலையாத்திக் காடு. சிங்கம் வந்தால் இரண்டே நாளில் சேற்றுப்புண் வந்து திரும்பிப் போய்விடும். ஆகவே இருப்பதை வைத்துச் சொல்கிறேன். அந்தக் காட்டில் தில்லைநாயகம் என்று ஒரு நீர்நாய் இருந்தது.

ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் அதற்கு ஒரு வளை. மனைவி தையல்நாயகி, நான்கு குட்டிகள். ஓதம் ஏறிக் கடல்தண்ணீர் உள்ளே வந்தால் மடவை மீன் தானாக வாசலுக்கு வரும். கையை நீட்டிப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். இப்படி ஒருவர் நிம்மதியாக இருந்தால் காட்டு அலுவலகத்துக்குப் பொறுக்குமா? ஒருநாள் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கழிமுகத்து வளைகள் இனிமேல் பெருமீன் பிடிப்போருக்கு மட்டுமே. தன்னைவிட நீளமான கடல்மீன் ஒன்றை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படகுத்துறைக்குக் கொண்டுவராதவர்கள் அன்றே காலி செய்துவிட்டு உள்காட்டுச் சேற்றுக்குப் போக வேண்டும். உள்காட்டுச் சேற்றில் மீன் கிடையாது, கொசு உண்டு.

தில்லைநாயகம் விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றது. முன்னால் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றிருந்தது. அது வரிசையில் நிற்கிறதா, தூங்குகிறதா என்று தெரியாமலே இரண்டு நாள் போயிற்று. எழுத்தர் வேலையில் இருந்தது பக்கிரிசாமி என்கிற நண்டு. நண்டு ஆயிற்றே, அதன் மேசையில் எந்தக் கோப்பும் முன்னால் நகராது, பக்கத்து மேசைக்குத்தான் நகரும். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, ஏழாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்றது. அது படகின் விவரம் எழுத வேண்டிய கட்டம்.

"எனக்கு எதுக்குங்க படகு? பொறந்ததுலேருந்து நீந்திக்கிட்டுதானே இருக்கேன்?"

"நீந்துறதுக்குக் கட்டம் இல்லையேய்யா," என்றது நண்டு. "படகு இருந்தா மீன் பிடிக்க வந்தவரு. இல்லாட்டி குளிக்க வந்தவரு."

வேறு வழியில்லாமல் தில்லைநாயகம் போனில் ஒரு கயாக் வரவழைத்தது. ஒரே ஆள் காலை நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு, பிளாஸ்டிக், பளிச்சென்ற மஞ்சள். கூழைக்கடா அதை அலகில் கவ்விக்கொண்டு வந்து, ஓ.டி.பி. சொன்னால்தான் விடுவேன் என்று அரைமணி நேரம் சைகையில் சண்டை போட்டது. படகோடு ஒரு கையேடும் வந்தது. அதன் முதல் விதி: கயாக் கவிழும், கட்டாத பொருள் கடலுக்குச் சொந்தம்.

அச்சடித்த எதையும் நம்புகிற குணம் தில்லைநாயகத்துக்கு. துடுப்பை ஒரு நீளக் கயிற்றில் கட்டியது. தூண்டிலைக் கட்டியது. தண்ணீர் பாட்டிலைக் கட்டியது. கத்தியை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை இருக்கைக்குப் பின்னால் மூன்று சுற்றுக் கட்டியது. கடைசியில் தன் இடுப்பையும் இருக்கையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டது. கத்தியையாவது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தையல்நாயகி கேட்டதற்கு, கையேட்டில் கத்திக்கு விலக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டது. மதியம் வரை ஒன்றும் சிக்கவில்லை. உள்காட்டுச் சேற்றில் எந்த மேட்டில் வளை தோண்டலாம் என்று அது கவலையோடு யோசிக்கத் தொடங்கிய நேரத்தில் தூண்டில் சக்கரம் அலறியது. சிக்கியது ஒரு கடல்விரால். தில்லைநாயகம் மூன்றடி, விரால் ஆறடி. சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு கயாக் தானாக மூக்கைத் திருப்பி, கிழக்கு நோக்கி விர்ரென்று கிளம்பியது. எதைக் கட்டியிருந்தாலும் அவிழ்த்துவிடலாம், ஆனால் எல்லாவற்றையும் கட்டியிருந்தால் என்ன செய்ய?

கரை கண்ணுக்கு மறைந்த பிறகு விரால் தலையைத் தூக்கியது. பழைய கதைகளில் மீன் எப்படிக் கெஞ்ச வேண்டுமோ அப்படியே கெஞ்சியது.

"ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன். என்னைய விட்டுடுங்க."

"நானும் புள்ளகுட்டிக்காரன்தாங்க. நீங்க என்னைய விட்டுடுங்க."

"கயித்தை அறுங்களேன்."

"கத்தி பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டியைக் கட்டிப்போட்டிருக்கு. என்னையும் கட்டிப்போட்டிருக்கு."

"யாரு பண்ணுன வேலை இது?"

"நான்தான்," என்றது தில்லைநாயகம்.

பல்லால் கடிக்கலாமே என்று கேட்பீர்கள். தூண்டிலின் நைலான் நரம்பு வாய்க்கு எட்டவில்லை. இடுப்புக் கயிறு எட்டியது, ஆனால் கையேடு சொன்னபடி அது உள்ளே எஃகுக் கம்பி ஓடும் கயிறு. முடிச்சோ இழுத்த இழுப்பில் இறுகிப்போய் முதுகுக்குப் பின்னால் இருந்தது. விரால் சற்று யோசித்து ஒரு வழி சொன்னது. படகுத்துறைத் தூண்களில் சிப்பி ஒட்டியிருக்கிறது, அதில் உரசினால் நரம்பு அறுந்துவிடும். தில்லைநாயகம் சரி என்று கண்ணை மூடிக்கொண்டது. வீடு போனால் போகட்டும், உயிர் பிழைத்தால் போதும் என்றாகிவிட்டது அதற்கு.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது கரை தெரிந்தது. படகுத்துறையில் காடே கூடியிருந்தது. நண்டு கடிகாரத்தோடு நின்றது. ஓரத்தில் தையல்நாயகி வீட்டுச் சாமான் மூட்டையோடும் நான்கு குட்டிகளோடும் நின்றுகொண்டிருந்தது. அதுவரை படகில் குப்புறக் கவிழ்ந்து ஊளையிட்டுக்கொண்டு வந்த தில்லைநாயகம் அந்த முகத்தைப் பார்த்தது. உடனே வீரம் வந்துவிடவில்லை, வெட்கம்தான் வந்தது. பிள்ளைகள் பார்க்கும்படியாகவா இப்படி வருவது? நிமிர்ந்து உட்கார்ந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டது. துடுப்பை எடுத்து மடியில் குறுக்கே வைத்து, ஒரு கையை லேசாக உயர்த்தியது.

கரையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆறடி மீன் மாடு மாதிரி முன்னால் இழுத்துவர, பின்னால் படகில் ஒருவர் சாவகாசமாக வருகிறார். விரால் தூணைச் சுற்றியது. நரம்பு அறுந்தது. அது சொல்லிக்கொள்ளாமல் முங்கிப் போயிற்று. கயாக் வந்த வேகத்திலேயே மிதந்து படிக்கட்டில் மெதுவாக மோதி நின்றது.

"மீன் எங்கய்யா?" என்றது நண்டு.

தில்லைநாயகத்துக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "கொண்டுவந்து விட்டுட்டுதுல்ல, அனுப்பிட்டேன்."

நண்டு விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மீனை வண்டி மாடாக ஓட்டி வந்தவருக்கு அதில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாத ஆளை அலுவலகம் ஒன்று விரட்டும், இல்லையென்றால் உயர்த்தும். அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருந்ததால் உயர்த்தத் தீர்மானித்தது. இறங்கி வந்து மாலையை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். தில்லைநாயகம் எப்படி இறங்கும்? பேசாமல் உட்கார்ந்திருந்தது. பெரியவர்கள் இறங்க மாட்டார்கள், நாம்தான் இறங்கிப் போக வேண்டும் என்று ஊரே சொல்லிக்கொண்டது. நண்டே தண்ணீரில் இறங்கிப் போய் மாலை போட்டது.

கூட்டம் கலைந்த பிறகு தையல்நாயகி குனிந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தது.

"ரொம்பப் பயந்துட்டீங்களா?"

"உசுரே இல்ல தையலு," என்று அழுதது தில்லைநாயகம். தையல்நாயகிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூட்டையை வளைக்குள் தூக்கிப் போனார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் படகுத்துறையில் தில்லைநாயகம் பெருமீன் பழக்கும் வகுப்பு நடத்துகிறது. இடம் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும். மீனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. முதுகை எப்படி நிமிர்த்துவது, கையை எவ்வளவு உயரம் தூக்குவது, அவ்வளவுதான் பாடம். படித்தவர்களில் ஒருவரும் இதுவரை மீன் பிடித்ததில்லை. நான்கு பேருக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது.

நீதி: மீன் உன்னை இழுத்துக்கொண்டு போனால் போகட்டும், கரை தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து துடுப்பைக் கையில் எடுத்துக்கொள்.