சிறுவர் பகுதி உண்மையோ மிஸ்

புத்தகங்களைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றும் நூலகர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளைப் புத்தகங்களிடமிருந்து காப்பாற்றிய நூலகர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவரோடு நான் நாலு வருஷம் வேலை செய்தும் இன்னும் சித்தம் கலங்காமல் நடமாடுகிறேன் என்பதை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் இருந்தது அந்தச் சின்னப் பொது நூலகம். கீழே சிறுவர் பகுதியும் பத்திரிகை வாசிக்கும் இடமும். மாடியில் மனிதர் யாரும் தேடி வராத பழைய அரசாங்க வர்த்தமானிக் கட்டுகள். புதுப் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டுகிற வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தேன். சிறுவர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைக் கூட்டிவருகிற தாய்மாருக்கும், வாசலில் இருந்த செக்கியூரிட்டி ஐயாவுக்கும் அவர் உண்மையோ மிஸ்.

பெயர்க்காரணம் முதல் நாளே விளங்கிவிட்டது. புதுப் புத்தகம் ஒன்றைத் திறந்தார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார், ஒரு வரியில் விரலை வைத்து "உண்மையோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாய் எடுத்தேன். "உம்மட்டக் கேக்கேல்லை பிள்ளை" என்றார். கேள்வி புத்தகத்துக்கு.

கதைப் புத்தகம் என்றால் அவர் புரட்டியே பார்க்கமாட்டார். நேரே புத்தகத் தட்டுக்குப் போகும். பேசும் முயலும் பறக்கும் கட்டிலும் சோதனை இல்லாமல் போக, பாவப்பட்ட எறும்புப் புத்தகம் மட்டும் ஏன் மேசையில் கிடக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"கதை, தான் பொய் எண்டு முதலே சொல்லிப்போட்டுது. அதோட எனக்கென்ன சண்டை?" என்றார். "இது தன்னை உண்மை எண்டெல்லோ சொல்லுது."

ஆகவே சிறுவருக்கான அறிவு நூல் எது வந்தாலும், அதிலிருந்து ஒரு விஷயத்தையாவது தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டில் வைப்பார். சரியாக வந்தால் பின் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் 'பார்த்தாச்சு' என்று எழுதுவார். கூகிளில் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுமே மிஸ் என்று நான் ஒரேயொரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதிலும் ஆரோ ஒருவர்தானே எழுதுகிறார் என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மனித உடல் பற்றிய புத்தகம் ஒன்று வந்தது. இரண்டு கையையும் அகல விரித்தால் வருகிற நீளமும் ஆளின் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்று அதில் போட்டிருந்தது. மிஸ் தையல் டேப்போடு எழும்பினார். முதலில் என்னை அளந்தார். பிறகு செக்கியூரிட்டி ஐயா, பத்திரிகை வாசிக்க வந்த ஓய்வூதியக்காரர்கள், ஒழுங்கை முனையில் செவ்விளநீர் விற்கிறவர், அவரிடம் இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதர். கடைசியாக, நாங்கள் சேர் என்று கூப்பிடுகிற பிரதம நூலகரை அவருடைய அறையிலேயே சுவரோடு சுவராகச் சாத்தி, சிலுவையில் அறைந்த மாதிரி நிற்கவைத்து அளந்தார். சேருக்கு இரண்டு அங்குலம் இடித்தது. புத்தகம் பிழையா சேர் பிழையா என்று மிஸ் ஒரு கிழமை யோசித்தார். முடிவில் புத்தகத்தை மன்னித்தார்.

பிரதம நூலகருக்கும் மிஸ்ஸுக்கும் உண்மையான பகை காகத்தால் வந்தது. தன்னைத் தொந்தரவு செய்த ஆளின் முகத்தைக் காகம் மறக்காது என்று ஒரு பறவைப் புத்தகம் சொன்னது. மிஸ் தினமும் பத்து மணிக்குப் பின் முற்றத்தில் இறங்கி, குடையை ஆட்டி, காகங்களை வாயில் வந்தபடி ஏசினார். அது மழைக் கிழமை. ஆகவே கதவடியில் ஆணியில் தொங்கிய மஞ்சள் ரெயின்கோட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் ஏசினார். அது சேருடைய ரெயின்கோட்.

ஐந்தாம் நாள் பின்னேரம் சேர் அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளடிக்குப் போனார். வெள்ளவத்தைக் காகம் அத்தனையும் ஒரே முடிவோடு அவர் தலையில் இறங்கின. சேர் ஹெல்மெட்டும் கையுமாகத் திரும்ப ஓடிவந்து கதவைப் பூட்டினார். மிஸ் சேலையோடு முற்றத்துக்குப் போய் நடுவில் நின்று பார்த்தார். ஒரு காகம்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சேரிடம், காகம் ஞாபகம் வைப்பது முகத்தையல்ல, கோட்டைத்தான் என்றும், ஆகவே இந்தப் புத்தகத்தைத் தட்டில் வைக்க முடியாதென்றும் மிகவும் மரியாதையாக அறிவித்தார்.

அந்த நிலைமையில்தான் ஆறு பெட்டி வந்து இறங்கியது. ஒரு நற்பணிச் சங்கம் கொழும்பில் சில நூலகங்களுக்குச் சிறுவர் அறிவு நூல்களை அன்பளிப்பாகக் கொடுத்தது. எல்லாம் புத்தம் புதுசு, பள பள அட்டை, வெளிநாட்டுப் புத்தகங்களைத் தமிழில் போட்டது. இரண்டு கிழமை கழித்து வருகிற சனிக்கிழமை சங்கத் தலைவி வந்து நாடா வெட்டி அந்தத் தட்டுகளைத் திறந்துவைப்பார். சேர் மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சொன்னது சுருக்கமானது. அன்றைக்கு ஆறு பெட்டிப் புத்தகங்களில் ஒன்று தட்டில் குறைந்தாலும், மிஸ் அடுத்த திங்கள் முதல் மாடியில் வர்த்தமானிக்குப் பொறுப்பு.

மிஸ்ஸுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கலியாணம் செய்யவில்லை, ஒரு அறையில் தனியாக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற பிள்ளைகளின் சத்தம்தான் அவருக்கு நாள். மாடிக்கு ஒரு பிள்ளையும் ஏறாது. சேரின் அறையிலிருந்து வெளியே வந்தவர் நேரே என் மேசைக்கு வந்தார். வாயைத் திறந்து கேட்டது, என் வீட்டில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

அந்த இரண்டு கிழமையும் என் வீட்டில் கறிக்கு உப்பில்லை. எல்லாம் நூலகத்தில் முட்டை மிதக்கவைக்கப் போனது. தேசிக்காய்ப் புளியில் மின்சாரம் எடுத்தோம். எறும்பு வரிசைக்குப் பின்னால் சீனியோடு தவழ்ந்தோம். எரிமலை செய்து, பத்திரிகை மண்டபத்தில் ஒரு ஓய்வூதியக்காரரின் வேட்டிக்குச் சேதம் விளைவித்தோம். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மிஞ்சியது கடற்கரையைப் பற்றிய ஒரு நீல அட்டைப் புத்தகம். அழகான படங்கள். அதற்காக மிஸ் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய், ஒரு பாறையில் வெள்ளைப் பெயின்றால் கோடு கோடாக இழுத்திருந்தார். காலையில் அவர் போய்ப் பார்ப்பார், மத்தியானம் சோற்றுப் பார்சலோடு நான் போகவேண்டும். ஒருநாள் இருவரும் நிற்கும்போது ஒரு பொலிஸ்காரர் வந்து, "மொகத மிஸ் மே கரன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார். இதென்ன செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

"முஹுத மனினவா" என்றார் மிஸ். கடலை அளக்கிறோமாம். பொலிஸ்காரர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான், இந்த வயதிலேயே இப்படியா என்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மிஸ் அந்தப் புத்தகத்தைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். இது தட்டுக்கு ஏறாது என்றார். பிழையான வரியை எனக்கும் காட்டினார். கடல் வெகுதூரம் பின்வாங்கும் நேரம் பார்த்து வாளியோடு ஓடுங்கள், சிப்பி பொறுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்று இருந்தது. கீழே ஒரு படத்தில் பிள்ளைகள் ஈர மணலில் ஓடினார்கள். எங்கள் கடல் ஒரு முழத்துக்கு மேல் ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை என்று பாறைக் கோடு சொல்லிவிட்டது, அது எனக்கும் தெரியும். ஆனால் அதற்காகவா ஒரு மனுஷி தன் இடத்தை விடுவார்? எனக்குக் கோபம் வந்தது.

"ஒரு புத்தகத்துக்காக மாடிக்குப் போகப் போறீங்களோ மிஸ்?"

"ஓம்" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை தலைவி வந்தார், நாடா வெட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள். சிற்றுண்டிக்கு வைத்த ரோல்ஸும் பட்டிஸும் மணத்துக்கொண்டிருந்தன. தாய்மாரும் பிள்ளைகளுமாக மண்டபம் நிறைந்திருந்தது. படம் எடுக்கிறவர் தயாராக நிற்க, தலைவி தட்டைப் பார்த்துவிட்டு, தான் ஆசையாகத் தெரிந்தெடுத்த நீல அட்டைப் புத்தகத்தைக் காணவில்லையே என்றார். அதை வைத்துக்கொண்டுதான் படம் எடுக்கவேண்டுமாம். சேரின் முகம் வெளுத்தது. மிஸ் லாச்சியைத் திறந்து புத்தகத்தை எடுத்துவந்தார். கொடுக்கவில்லை. அந்த வரியை எல்லாருக்கும் கேட்க வாசித்தார்.

"எழுதின ஆக்களின்ர ஊரில இது உண்மையாத்தான் இருக்கும், மடம்" என்றார். "எங்கட கடல் அப்பிடிப் பின்னுக்குப் போறேல்லை. அளந்து பார்த்தனான். எனக்குத் தெரிய ஒரே ஒரு நாள்தான் போனது."

எது அந்த நாள் என்று மண்டபத்தில் பெரியவர்கள் ஒருவருக்கும் சொல்லவேண்டி இருக்கவில்லை. பட்டிஸ் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"சுனாமி வந்தண்டைக்கு நான் களுத்துறையில நிண்டனான். கடல் போன பிறகு இறங்கிச் சிப்பி பொறுக்கினனான். பக்கத்தில ரெண்டு பிள்ளையளும் பொறுக்கிக்கொண்டு நிண்டதுகள். ஆரோ கத்தினதைக் கேட்டு நான் ஓடினன். அதுகள் ஓடேல்லை." புத்தகத்தை மூடினார். "இங்க வாற பிள்ளையள் எல்லாம் அதுக்குப் பிறகு பிறந்ததுகள். புத்தகத்தில இருந்தா அதுகள் நம்பிவிடும்."

நாலு வருஷம் பக்கத்து மேசையில் இருந்தேன். இது எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்த அத்தனை நாளுக்கும் அந்த இடத்திலேயே வெட்கப்பட்டேன்.

தலைவி சேரைப் பார்த்தார். மிஸ்ஸைக் கவிழ்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் சேருக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. அவர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தட்டுக்குப் பொறுப்பு மிஸ்தான், மடம்" என்றார். "அவ வேண்டாம் எண்டா வேண்டாம்தான். இனிமேலும் அவதான் பொறுப்பு."

அந்தத் தலைவியைப் பற்றியும் நல்லதாக ஒன்று சொல்லவேண்டும். அவர் கோபிக்கவில்லை. மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, இதே புத்தகம் வேறு சில நூலகங்களுக்கும் போயிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். இடங்களை எழுதியும் கொடுத்தார்.

திங்கட்கிழமை சேர் எங்கள் இருவருக்கும் டியூட்டி லீவ் தந்தார். கிருலப்பனைக்குப் போனோம், மருதானைக்குப் போனோம். போன் பண்ணிச் சொன்னால் போதாதா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் மிஸ் விஷயத்தைச் சொல்லி, புத்தகத்தைக் கையில் வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் எழும்பினார். கொட்டாஞ்சேனையில் புத்தகம் ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போயிருந்தது. விலாசம் கேட்டு அந்த வீட்டுக்கும் போனோம். தாய் தேத்தண்ணி தந்தார். புத்தகத்தை எடுத்ததும் மகள்காரி வீடு அதிர அழுதாள். மிஸ் பதறிப்போய்த் தன் பையைத் துழாவி, வழியில் பார்க்கவென்று கொண்டுவந்த வால்வெள்ளிப் புத்தகம் ஒன்றை அவள் கையில் வைத்தார்.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் தலையில் கை வைத்தார்.

"பார்க்காமலே குடுத்திட்டன் பிள்ளை."

வால்வெள்ளியில் பெரிய பிழை ஒன்றும் இருக்காது, இருந்தாலும் அது இங்கே இறங்கி ஒருவரையும் கடிக்காது என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அதற்கு வால் எந்தப் பக்கம் நிற்கும், அதை எப்படிக் கண்ணால் பார்ப்பது என்று கொள்ளுப்பிட்டி வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு சத்தத்தைக் காணவில்லை. திரும்பினால், மடியில் இருந்த நீல அட்டைப் புத்தகங்களை இரண்டு கையாலும் பிடித்தபடி, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

என் வீடு பம்பலப்பிட்டியில். பஸ் அங்கே நின்றது, கொண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் இறங்கவில்லை.