மூணு தடவை நின்னு வர்ற பந்து

அந்த ஞாயித்துக்கிழமை வேலை ரொம்பச் சின்னது. வீட்டுக் கம்ப்யூட்டர்ல கிரிக்கெட் கேம் நின்னு நின்னு ஓடுது. அதைச் சரி பண்ணணும். அவ்வளவுதான்.

யாரும் பண்ணச் சொல்லல. அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

ரெண்டாயிரம் தாண்டின புதுசு. புனேல, கோத்ரூட்ல வாடகை வீடு. ஆபீஸ்ல எனக்கு வேலையே, மந்தமா ஓடற சாஃப்ட்வேரை வேகமா ஓட வைக்கறதுதான். பொண்ணு பார்க்கப் போனப்ப இதை மாமனாருக்கு விளக்க நான் பட்ட பாடு இருக்கே! கடைசியில அவரே சுருக்கிக்கிட்டாரு.

"அப்ப, கம்ப்யூட்டரை வேகமாக்கற வேலைங்க."

கோயமுத்தூர்ல சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் அப்படியே பெருமையா சொல்லி வெச்சிருந்தாரு.

அத்தை தவறினதுக்கு அப்புறம் அவர் அங்க தனி ஆளு. அவரை எங்ககூடவே வெச்சுக்கணும்னு என் மனைவி சுதாவுக்கு ஆசை. எனக்கும்தான். புனேவுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். ஆனா அவருக்கு புனே ஒட்டவே இல்ல. இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. கடக்வாஸ்லா அணையைக் காட்டலாம்னு கூட்டிட்டுப் போனேன். "ஆழியாறு மாதிரியேதானுங்க இருக்குது"ன்னுட்டு ஆட்டோவை விட்டே இறங்கல.

தினமும் சாப்பாட்டுல ஒரே பேச்சு. "கண்ணு, ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லு."

யாரைச் சொல்லணும்? என்னைத்தான். எதிர்லயே உக்காந்து ரசம் குடிச்சிட்டிருப்பேன். ஆனா மாப்பிள்ளைகிட்ட நேரா ஒரு குறை சொல்ல மாட்டாரு. எல்லாம் மகள் வழியாத்தான் வரும்.

அந்த நேரத்துலதான் கீழ்வீட்டு தேஷ்பாண்டே காகா வந்தாரு. மராத்தியில காகான்னா சித்தப்பா மாதிரி. தேஹு ரோடு மிலிட்டரி டிப்போல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. எங்க பால்கனிச் செடித் தண்ணி அவர் துணி மேல சொட்டுதுன்னு சண்டை போட வந்தாரு. வந்தவரு, நான் ஆடிட்டிருந்த கிரிக்கெட் கேமைப் பார்த்தாரு. சண்டையை மறந்துட்டு உக்காந்துட்டாரு. மாமனாரும் நாற்காலியை இழுத்துப் போட்டாரு.

ஒரே கீபோர்டு. இவர் பேட்டிங், அவர் பௌலிங். அப்புறம் மாத்தி. ரெண்டு பேருக்கும் பொது பாஷைன்னு இருந்தது நாலு வார்த்தை: அவுட், நாட் அவுட், சிக்ஸர், அப்புறம் சாய், அதாவது டீ.

அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் மேட்ச். மாமனார் சிக்ஸரா அடிப்பாரு. டிக்கெட் பேச்சே நின்னு போச்சு!

சுதா என்னைத் தனியா கூப்பிட்டா. "ஏனுங்க, அப்பா சிரிச்சு எத்தனை நாளாச்சு! கும்பிட்டுக் கேக்கறேன், அந்தக் கம்ப்யூட்டரை நோண்டாதீங்க."

நோண்டியிருக்க மாட்டேன். சத்தியமா. ஆனா காகா ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டே சொன்னாரு. "ஜமாய் கம்ப்யூட்டர் இன்ஜினியர். லேகின் கம்ப்யூட்டர் பைல்காடி!"

மாப்பிள்ளை இன்ஜினியர், கம்ப்யூட்டர் மாட்டு வண்டியாம். எனக்குச் சுருக்குனு தச்சுடுச்சு.

ஞாயித்துக்கிழமை சுதா அவங்கப்பாவைக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போனா. நான் உக்காந்தேன்.

ரெசல்யூஷனைக் குறைச்சேன். நிழலை எடுத்தேன். புல்லை எடுத்தேன். ஸ்டேடியத்துல கூட்டத்தை எடுத்தேன், ஈ காக்கா இல்ல. பின்னாடி ஓடிட்டிருந்த புரோகிராமையெல்லாம் மூடினேன். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் இறக்கினேன். டயல்-அப் காலம், காலைப் பொழுது பூரா போன் எங்கேஜ்டு.

ஓட விட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு ஓடுது! எனக்கு நானே கை தட்டிக்கிட்டேன்.

சாயங்காலம் காகா தன் மனைவியையும் கூட்டிட்டு வந்தாரு. 'அண்ணாவோட சிக்ஸரைப் பாரு'ன்னு காட்டறதுக்கு. மாமனாரை அவர் கூப்பிடறது அண்ணான்னுதான். காக்கு, அதான் காகாவோட மனைவி, கையில ஒரு தட்டு போஹா, நம்ம அவல் உப்புமா.

முதல் பந்து, மாமனார் போல்டு.

ரெண்டாவது பந்து, போல்டு.

காக்கு போஹாவுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு முடிக்கறதுக்குள்ள டீமே வீட்டுக்குப் போயிடுச்சு.

அடுத்து ஆடின காகா, வாழ்க்கையில முதல் தடவையா ஜெயிச்சிருக்காரு. எழுந்து நின்னு ஆடறாரு! காக்கு மெதுவா அவரைக் கேட்டாங்க. "ஹேச் கா தே அண்ணா?"

நீங்க சொன்ன அந்த அண்ணா இவர்தானான்னு அர்த்தம். மராத்தி தெரியாத மாமனாருக்கே அது புரிஞ்சுடுச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

அவங்க போனதும் சுதாகிட்டச் சொன்னாரு. "கண்ணு, பந்து முன்னெல்லாம் மூணு தடவை நின்னு வரும். மூணாவது நிக்கறப்ப அமுக்குனா சிக்ஸர். இப்ப நிக்காமயே வருது. யாரோ என்னமோ பண்ணிப்போட்டாங்க."

யாரோ! வீட்டுல இருக்கறதே மூணு பேரு.

"செரி, நாளைக்கு டிக்கெட் போடச் சொல்லு."

சுதா என்னைத் திரும்பிப் பார்த்தா. எங்க கல்யாண ஹோமத்துலகூட அவ்வளவு சூடு இல்ல.

உடனே உக்காந்தேன். நிழலைத் திரும்பப் போட்டேன். புல்லைப் போட்டேன். கூட்டத்தை மொத்தமா உள்ள விட்டேன். பழைய டிரைவர் கைவசம் இல்ல. பாழாப்போன புது டிரைவர்ல அப்பவும் நல்லாவே ஓடுது! ஒரு கம்ப்யூட்டர் நல்லா ஓடுதேன்னு அழுகை வந்தது எனக்கு அன்னிக்குத்தான்.

மாமனார் என் முதுகுக்குப் பின்னாடி நின்னு ஒவ்வொரு தடவையும் ஆடிப் பார்க்கறாரு.

"கண்ணு, ஒருக்காத்தான் நிக்குதுன்னு சொல்லு."

"ஒருக்காத்தான் நிக்குதாமுங்க."

"எனக்கும் கேட்டுச்சு!"

பாட்டு ஓட விட்டேன். இருக்கற ஃபைலையெல்லாம் திறந்து வெச்சேன்.

"இப்ப அஞ்சு வாட்டி நிக்குதுன்னு சொல்லு."

எல்லாத்தையும் மூடிட்டு, கடைசி முயற்சியா வைரஸ் ஸ்கேனைப் போட்டு விட்டேன். பந்து கிளம்புச்சு. நின்னுச்சு. நின்னுச்சு. நின்னுச்சு. மாமனார் அமுக்கினாரு.

சிக்ஸர்!

"வந்துருச்சுங்க மாப்ள!"ன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்கினாரு. என்கிட்ட நேரா!

மறுநாள் காகா ரெண்டு பந்து பார்த்தாரு. "அரே! ஃபிர் ஸே பைல்காடி?"ன்னு கத்தினாரு. மறுபடியும் மாட்டு வண்டியாம். வேகமா ஓடினாத்தான் அவர் ஆடுவாராம். மெதுவா ஓடினாத்தான் இவர் ஆடுவாராம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில என்னைத் திட்டினாங்க.

கடைசியில ஒரு ஒப்பந்தம் ஆச்சு. மாமனார் பேட்டிங்னா ஸ்கேன் ஓடும். காகா பேட்டிங்னா ஸ்கேன் நிக்கும். இன்னிங்ஸ் மாறும்போது கூப்பிடுவாங்க, பிட்ச்ல ரோலர் உருட்டற ஆள் மாதிரி போய் மாத்திக் குடுத்துட்டு வருவேன். இதுக்காக ஆபீஸ்ல மேனேஜர்கிட்டப் பொய் சொல்லிட்டுச் சீக்கிரம் கிளம்பின நாளெல்லாம் உண்டு.

டிக்கெட் பேச்சு திரும்ப வரவே இல்ல. ஒரு நாள் அவர் தம்பி கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணி, எப்ப வர்றீங்கன்னு கேட்டாரு.

"இப்ப எங்க வர்றது? தினமும் மேட்ச் இருக்குதப்பா."

அப்புறம் தம்பி என்னைப் பத்தி விசாரிச்சிருக்கணும். மாமனார் குரல் பெருமையா ஹால் பூரா கேட்டுச்சு.

"மாப்பிள்ளையா? கம்ப்யூட்டரை மெதுவாக்கற வேலை, தம்பி. அதுல அவரை அடிச்சுக்க ஆளே இல்ல."