பக்கத்து சீட்டுக்கு ஒரு ஏசி

"சார், திரும்பவும் சொல்றேன். இந்த இன்ஜின் ஏசியைத் தாங்காது." பானெட்டுக்குள்ளிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது.

"எங்கப்பா வாங்கின வண்டி. எது தாங்கும், எது தாங்காதுன்னு எனக்குத் தெரியாதா? நீ மாட்டு," என்றார் சூப்பிரண்டு.

பணி ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரும் அவரைச் சூப்பிரண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் அவர் வாயைத் திறந்தால் அலுவலகமே பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்கும். ஓய்வு பெற்ற மறுநாளே அந்த அலுவலகம் வேறொருவர் பேச்சைக் கேட்கப் போய்விட்டது. மிச்சம் இருந்தது மனைவி ஒருத்திதான்.

சனிக்கிழமைதோறும் அவளை நகரத்தின் மறுகோடியிலுள்ள அவள் அக்கா வீட்டுக்குக் காரில் கூட்டிப்போவார். அந்தப் பயணத்தில்தான் மனிதர் மனம்விட்டுப் பேசுவார். அவள் சமையலில் உள்ள குறை, அவள் தம்பி கல்யாணத்தில் தனக்குக் கிடைக்காத மரியாதை, மகள் படிப்பில் அவள் எடுத்த தப்பான முடிவு என்று வரிசையாக வரும். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். அவளும் ஜன்னலோரமாகச் சாய்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்று தலையாட்டுவாள். முப்பது வருஷத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று நினைத்து அவர் கண்கலங்கியதும் உண்டு.

அப்படிப்பட்டவள் இந்தக் கோடையில் மனசு மாறிவிட்டாள். அதுவும் அவர் வண்டியைப் பிரித்து மேய்ந்து, பிரேக்கைச் சரிபண்ணி, தெருவையே எழுப்பிக்கொண்டிருந்த ஓட்டை சைலன்சரைத் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டி, சீட்டுக்கு உறையும் தைத்த பிறகு. ஒரு சனிக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"கார்ல வெயில் தாங்கலைங்க. நான் பஸ்ஸிலயே போயிக்கறேன்."

"பஸ்ஸில வெயில் அடிக்காதா?"

"பஸ்ஸில கூட்டம் இருக்கும்," என்றாள்.

இது என்ன பதில் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் யாரோ ஒரு பெண்ணோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள் அவள். இவர் பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டில் மட்டும் உட்கார்ந்திருந்தது. பாட்டிலிடம் அவள் தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தார். இனி தன் பேச்சைக் கேட்க ஒரு காது இல்லை என்கிற பயம் அன்றுதான் அவருக்கு வந்தது.

அங்கிருந்து நேராக ஒர்க் ஷாப்புக்கு வந்தவர்தான். ஏசி மாட்டாமல் ஓய்வதில்லை என்று நின்றுவிட்டார்.

கம்பிரசர் ஏறியது. முதல் நாளே ரேடியேட்டர் கொதித்து, நடுரோட்டில் ஆவி விட்டது.

"சொன்னேனே சார்," என்றார் மெக்கானிக்.

"பெரிய ரேடியேட்டர் போடு."

பெரிய ரேடியேட்டர் உள்ளே போக, வண்டியின் மூக்கை அறுக்க வேண்டியிருந்தது. மூலையில் முகமூடிக்குள் உட்கார்ந்திருந்த வெல்டர் எழுந்து வந்து அறுத்தார். புது சைலன்சரை ஒட்டவைத்தவரும் அவர்தான். அவருக்குப் பேச வரும் என்பதற்கு அதுவரை யாரிடமும் ஆதாரம் இல்லை. அப்பா ஆசை ஆசையாகத் துடைத்த பளபளப்பான முகப்பு, பல் பிடுங்கிய வாய் மாதிரி ஆகிவிட்டது. சூப்பிரண்டு அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இன்ஜின் அடங்கியது, பேட்டரி படுத்துவிட்டது. பழைய டைனமோவால் ஏசிக்குத் தீனி போட முடியவில்லை. வேறொரு வண்டியின் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதற்கு இடம் விட ஹாரனைக் கழற்றி வேறு பக்கம் வைத்ததில், பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. அதைச் சரிபண்ணினால் வைப்பர் தானாக ஆடியது.

குளிர்காற்றுப் பெட்டியை டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்டபோது, அது பக்கத்து சீட்டில் உட்காருபவரின் முழங்காலை இடித்தது.

"சீட்டைப் பின்னால தள்ளு," என்றார்.

"தள்ளினா பின் சீட்டுல யாரும் உக்கார முடியாது சார்."

"பின் சீட்டுல யார் வரப்போறா? எனக்கு வேண்டியது பக்கத்து சீட்டுல ஒரு ஆள்."

இத்தனைக்குப் பிறகும் குளிர் வண்டிக்குள் தங்கவில்லை. கதவு இடுக்கு, தரை ஓட்டை, ஜன்னல் விளிம்பு என்று கிடைத்த வழியிலெல்லாம் வெளியே ஓடியது. சுற்றிலும் கனத்த ரப்பர் ஒட்டி, தரையில் கம்பளி விரித்து, ஓட்டைகளையெல்லாம் அடைத்தார் மெக்கானிக். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தார் சூப்பிரண்டு. வெளியே லாரி போனது கண்ணுக்குத்தான் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. கடைசியில் மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மாகிட்ட நீயே சொல்லு," என்று கொடுத்தார். மகள் என்ன சொன்னாளோ, "சரி, ஒரு தடவை," என்று மனைவி சால்வையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கதவு "தப்" என்று மூடியது.

"பாத்தியா? ஊசி விழுந்தா கேக்கும்," என்றார் பெருமையாக.

"கேக்குது," என்றாள் அவள்.

முதல் திருப்பத்திலேயே கையை நீட்டிப் புளோயரைக் கடைசி வரைக்கும் திருகினாள். காற்று ஹோவென்று இரைந்தது. சூப்பிரண்டு தம்பி கல்யாணத்திலிருந்து தொடங்கினார். பந்தலில் தன்னைப் பின்வரிசையில் உட்காரவைத்த இடத்துக்கு வந்தபோது, அவள் சால்வையைக் காது வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்.

"குளிருதுன்னா குறைக்க வேண்டியதுதானே?" என்று புளோயரைக் குறைத்தார்.

அவள் கூட்டினாள். அவர் குறைத்தார். இந்தப் பெண்களுக்கு வெயிலும் தெரியாது, குளிரும் தெரியாது என்று அலுத்துக்கொண்டு, விட்ட இடத்தில் பிடித்தார்.

"என்ன இருந்தாலும், உன்னைக் கட்டினதுக்கு அந்த வக்கீல் பொண்ணைக் கட்டியிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, புதுசா கேக்கற மாதிரி பாக்கறே? வாராவாரம் சொல்றதுதானே," என்றார் சூப்பிரண்டு.

"வண்டியை நிறுத்துங்க."

"ஏன்?"

"குளிருது."

இறங்கி, அந்த வெயிலில் ரோட்டைத் தாண்டி, நிற்க இடமில்லாத ஒரு பஸ்ஸில் முண்டியடித்து ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சூப்பிரண்டு புளோயரை அணைத்தார். தன் மூச்சு தனக்கே கேட்டது. அப்பாவின் காரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டாயிற்று, மூக்கை அறுத்தாயிற்று. அப்படியும் அந்த சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் விடுகிற ஆளா அவர்?

ஒர்க் ஷாப்புக்குள் வண்டி நுழைந்ததுமே மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சார், ஏசி போச்சா?"

"ஏசிக்கு ஒண்ணும் இல்ல. நல்லா வேலை செய்யுது, அதான் வினை. அவளுக்குக் குளிர் ஒத்துக்கல. ஒரு ஹீட்டர் மாட்டு."

"சார், இந்த வெயில்லயா?"

"ஏசியும் ஓடட்டும், அவ பக்கம் மட்டும் ஹீட்டரும் ஓடட்டும். அவ வந்து உக்காரணும், அவ்வளவுதான். முப்பது வருஷமா நான் பேசறதை வாய் மூடிக் கேட்டவ. திடீர்னு அவளுக்கு என்னதான் வந்துதுன்னு யாராவது சொல்லுங்களேன்."

மூலையில் தீப்பொறி நின்றது. வெல்டர் முகமூடியை மெதுவாக நெற்றிக்கு மேலே தூக்கினார்.

"சொல்ல வேண்டாம்னாங்க சார். அம்மா போன வாரம் தனியா இங்க வந்து, உங்க வண்டியில நான் கழட்டின அந்தப் பழைய ஓட்டை சைலன்சரையே திரும்ப மாட்டிக் குடுக்க முடியுமான்னு கேட்டுட்டுப் போனாங்க."