மனைவி எடுத்த பாலிசி

மனைவியின் போன் சமையலறையில் விடாமல் அடித்தது. அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேராசிரியர்தான் எடுத்தார்.

"அம்மா இல்லீங்களா? பரவால்ல சார். அவங்க எடுத்த மெடிக்கல் பாலிசி ரெடியாயிடுச்சு. எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் செல்லும்னு சொல்லிடுங்க," என்றார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.

பேராசிரியர் போனைக் கீழே வைத்துவிட்டு மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். வேறு யாராவதாக இருந்தால் "சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போயிருப்பார்கள். இவர் பொருளாதாரப் பேராசிரியர் ஆயிற்றே. மருத்துவக் காப்பீட்டுச் சந்தைதான் இவருடைய ஆராய்ச்சி. வலியப் போய்ப் பாலிசி கேட்கிறவனுக்குத் தன் உடம்பில் ஏதோ கோளாறு இருப்பது தெரியும், கம்பெனிக்குத்தான் தெரியாது என்று ஆயுசு முழுக்கப் பாடம் எடுத்தவர். கல்லூரியில் கொடுத்த காப்பீடு குடும்பத்துக்கே இருக்கும்போது இவள் தனியாக ஒன்று எடுத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், தினமும் விடியற்காலையில் பார்க்கைச் சுற்றி ஓடுகிறவள், தும்மினால்கூட அதிசயம் என்பதெல்லாம் அவர் மண்டையில் ஏறவில்லை. நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் மனிதர்கள் வாயால் சொல்வதை நம்பக்கூடாது, செய்வதைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் அவருடைய பாடத்தில் இருந்தது.

அவள் காலி வாளியோடு இறங்கி வந்தாள்.

"உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத கேள்வி. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எதை உடைச்சீங்க?"

"ஒண்ணும் உடைக்கல. சும்மா கேட்டேன்."

"நல்லாத்தான் இருக்கேன்."

மறைக்கிறவர்கள் இப்படித்தானே சொல்வார்கள்! உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது, அது கிடக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் யாரிடம் வாய் கொடுத்துத் தோற்பது?

முதல் காரியமாக அவள் ஓடக்கூடாது என்று முடிவு செய்து, ஓடுகிற ஷூவை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைத்தார். அவள் பார்க்காமல் துணியைப் போட்டு ஓடவிட்டாள். ஷூவின் நீலமெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டைகளுக்கு வந்து சேர்ந்தது.

"ஷூவ யாரு இதுல போட்டது?"

"அழுக்கா இருந்துச்சு."

"உங்களுக்கு அழுக்குகூடக் கண்ணுக்குத் தெரியுமா?"

அடுத்து ஏஜென்டுக்குப் போன் போட்டார். மனைவிக்கு வியாதி என்று தெரிந்தால் பாலிசியை ரத்து செய்துவிடுவார்களே! அதனால் சாமர்த்தியமாகத் தன்னையே இழுத்துவிட்டார்.

"ஒரு பேச்சுக்கு வச்சுக்கங்க. எனக்கு நாளைக்கே ஆபரேஷன்னா, இப்ப பாலிசி எடுத்தா உதவுமா?"

"என்ன ஆபரேஷன் சார்?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான்."

சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போன் போட்டுக் கிட்னி ஆபரேஷனுக்குக் கேட்டார். படுக்கப் போகும் முன் இதயத்துக்குக் கேட்டார். மறுநாள் வகுப்பு நடுவில் வெளியே வந்து மூளைக்குக் கேட்டார்.

தனியாகச் சுமக்க முடியாமல், டயர் கடை வைத்திருக்கும் மச்சானிடம், அதாவது அவளுடைய அண்ணனிடம், விஷயத்தைச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். சாயங்காலமே மச்சான் தன் மனைவியோடு ஒரு பை நிறைய ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அண்ணிக்காரி வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நீ தைரியமா இரும்மா. இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு."

"எதுக்கு அண்ணி மருந்து?"

அண்ணி பதிலுக்கு அழுதாள். மச்சான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரம் பார்த்து ஏஜென்ட் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். பிள்ளைகுட்டிக்காரர், நல்ல தொப்பை.

"சார்கிட்ட நேர்ல ஒரு விஷயம் சொல்லணும்," என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இந்த வீட்ல யாருக்கு என்ன ஆச்சு? யாராவது வாயத் தொறந்து சொல்லுங்க."

பேராசிரியர் உடைந்துவிட்டார். "நீதான் சொல்லணும். என்ன வியாதியா இருந்தாலும் சரி, வீட்ட வித்தாவது உன்னக் காப்பாத்துவேன். நீ இல்லாம என்னால முடியாது."

"வியாதியா? எனக்கா?"

"அப்புறம் எதுக்கு என்கிட்ட சொல்லாம பாலிசி எடுத்த?"

"இந்த மனுஷன் விட்டாத்தானே!" என்று ஏஜென்டைக் காட்டினாள். "உங்ககிட்ட இன்ஷூரன்ஸ்னு வாயெடுத்தா விடிய விடியப் பேசுவீங்க. அதான் சொல்லல."

ஏஜென்ட் முட்டியைத் தடவிக்கொண்டார். "நீங்கதானே சார் போன மாசம் எங்க ஆபீசுக்கு வந்து லெக்சர் குடுத்தீங்க? தானா வந்து கேக்கறவங்கள நம்பாதீங்க, நல்ல ஆரோக்கியமா இருக்கறவங்களத் தேடிப் போய்ப் பிடிங்கன்னு. பார்க்குல எல்லாரையும்விட வேகமா ஓடினது அம்மாதான். பின்னாலயே ஓடிக் கையெழுத்து வாங்கறதுக்குள்ள என் முட்டி போயிடுச்சு."

அண்ணி அழுகையை நிறுத்தினாள். மச்சான் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தார். பேராசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தனை பேர் முன்னாலும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் "ஐயோ, விடுங்க" என்றாளே தவிர, கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் ஏஜென்டிடம். "என் பேர்லயும் ஒண்ணு போட்டுடுங்க."

ஏஜென்ட் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அதச் சொல்லத்தான் சார் வந்தேன். நீங்களா இத்தன தடவ போன் பண்ணிக் கேட்டீங்கல்ல, உங்க லெக்சர்படியே கம்பெனியில உங்களுக்கு பாலிசி கிடையாதுன்னுட்டாங்க."