தொடாமல் டாங்கி ஓட்டுவது எப்படி?

'மொதல்லக்காரர்' என்று ஒரு ஜாதி உண்டு. ஜாதி என்றதும் பதறாதீர்கள், எல்லா ஜாதியிலும் எல்லா மதத்திலும் இவர் தாராளமாக இருக்கிறார். நீங்கள் புதிதாக ஒரு சைக்கிளையோ ஸ்டவ்வையோ தையல் மெஷினையோ தொடப்போகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் விரலுக்கும் அதற்கும் ஓர் அங்குலம் இருக்கும்போது எங்கிருந்தோ வந்து நிற்பார். தொண்டையைக் கனைப்பார். "மொதல்ல இத்தத் தெரிஞ்சிக்கோ" என்பார். அந்த 'மொதல்ல'வுக்குப் பிறகு 'ரெண்டாவது' என்று ஒன்று வந்ததாகச் சரித்திரமே கிடையாது!

எங்கள் பழவேற்காட்டில் அவருக்குப் பெயர் வீரராகவன். ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிற தொழிற்சாலைக் கேன்டீனில் பதினோரு மாதம் டீ ஊற்றியவர். டாங்கியைப் பார்த்திருக்கிறாரா? ஏன் பார்க்காமல்? ஜன்னல் வழியாக, ஒரு தடவை, தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தபோது. ஒரு மேதைக்கு அது போதாதா?

அந்த மேதைமைக்கு எண்பத்தேழாம் வருஷம்தான் வேளை வந்தது. பஷீர் பாய் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அதில் ஒரு கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு, டிவியில் ஒரு பாலைவனத்தைக் காட்டும். அதில் நாம் ஒரு குச்சியைப் பிடித்து ஆட்டி டாங்கி ஓட்ட வேண்டும். பெயர்தான் விளையாட்டு. நிஜ டாங்கி படுத்துகிற பாட்டையெல்லாம் அதுவும் படுத்தும். கியரைக் குறைக்காமல் மேடு ஏறினால் என்ஜின் அணைந்துவிடும். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கோ போய் மண்ணில் விழும். எதிரிக்குப் பக்கவாட்டைக் காட்டினாலோ ஒரே அடி, கதை முடிந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அறை பிடித்து இதை வைத்து, ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் வாங்கலாம் என்பது பாயின் திட்டம். உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆட்டம் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும்.

கோட்டைக்குப்பத்துத் தாமோதரன் வந்து நின்றான். ஏரியில் இறால் பிடிக்கிறவன். ஆறு மாதம் முன்பு திருக்கை மீனின் முள் காலில் குத்தி, அது ஆறினாலும் கால் பழைய கால் ஆகவில்லை. படகில் அரை மணி நின்றால் வீங்கிவிடுகிறது. உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் அவனுக்கு அதுதான் பிழைப்பு. மனைவி ஜெயம்மாவும் கூட வந்திருந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம்.

"டேங்க்கா? எங்க குப்பத்துக்குத் தண்ணி டேங்க்கு கட்றேன்னு மூணு எலெக்சனா சொல்லிக்கினுதான் கீறாங்க. அந்த டேங்க்கையா இவரு ஓட்டணும்?"

பாய் சிரித்துவிட்டுச் சொன்னார். "தாமோதரா, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சி வரேன். மூணு உசுரு குடுக்கும் மெஷின். அதுக்குள்ள எதிரி டேங்க்கு மூணு அடிச்சிட்டா கடை ஒன்னுது. சனிக்கெழமை நான் சிங்கப்பூருக்குக் கெளம்பணும். அஞ்சு நாளு இருக்குது. கத்துக்கறதுக்கு ஒண்ணுமில்லப்பா. உக்காந்து ஒரு அம்பது தபா சாவு. அவ்ளோதான்."

இதைவிட நல்ல பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும்? ஆனால் வாசலில் தொண்டை கனைத்தது.

"சாவறதா? இன்னா பாய் நீ! மொதல்ல டேங்க்குன்னா இன்னான்னு தெரிய வேணாமா? பையனை எங்கிட்ட உடு."

விட்டார்கள். ஐயா, விட்டார்கள்!

முதல் நாள் முழுக்க வீரராகவன் ஆவடியைப் பற்றிச் சொன்னார். எந்த ஷிப்டுக்கு எத்தனை டீ போகும் என்பதுகூட அதில் இருந்தது. மறுநாள் ஏரிக்கரை மணலில் ஒரு டாங்கி வரைந்து, பீரங்கி எது, சக்கரப் பட்டை எது என்று தாமோதரனை ஒப்பிக்க வைத்தார். அவர் சொன்னது எதுவும் தப்பில்லை, அதுதான் கொடுமை. நின்ற பிறகே சுட வேண்டும், மேட்டுக்குப் பின்னால் உடம்பை மறைத்துத் தலையை மட்டும் காட்ட வேண்டும், எதிரிக்கு எப்போதும் முகத்தைத்தான் காட்ட வேண்டும் என்று பாய் கொண்டுவந்த புத்தகத்திலிருந்து தன் பேரன் படித்துச் சொன்னதையெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல் பொழிந்தார். தாமோதரன் நாற்காலி நுனியில், இரண்டு கையும் முழங்கால் மேல் வைத்து, தலையாட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவை கை தானாகக் குச்சிப் பக்கம் போயிற்று. பட்டென்று ஓர் அடி.

"மெஷினு சூடு கீது புடிச்சிச்சின்னா யாரு பதில் சொல்றது? மொதல்ல மனசுல ஓட்டுடா!"

ஐந்தாம் நாள் அவரே செய்து காட்ட உட்கார்ந்தார். இருபதாவது விநாடி டாங்கி வெடித்தது. திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "பாத்தியா? இப்புடிச் செய்யக் கூடாது."

வெள்ளிக்கிழமை பாய் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் இருந்தோம். தாமோதரன் வாழ்க்கையில் முதல் முறையாகக் குச்சியைப் பிடித்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். படகில் சுக்கானின் பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். இருபது வருஷமாக அதைப் பிடித்த கை அது. டாங்கி இடப்பக்கம் போக வேண்டியிருந்தது. அவன் வலப்பக்கம் தள்ளினான். டாங்கி விசுவாசமாக வலப்பக்கமே போய், எதிரிக்கு முழு விலாவையும் காட்டிக்கொண்டு நின்றது. ஓர் உயிர் போயிற்று.

"மொதல்ல இன்னாடா சொன்னேன்!" என்று கத்தினார் வீரராகவன். ஐந்து நாளில் அவர் சொல்லாத ஒரே விஷயம் இதுதான்.

இரண்டாவது உயிரும் அப்படியே போயிற்று. ஜெயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தாமோதரன் குச்சியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி குச்சியைப் பார்த்தான். பிறகு, "அட! இது சுக்கானுக்கு நேர்மாறா கீதே!" என்று சிரித்தான். அவ்வளவுதான் பாடம். ஐந்து நாளில் விளங்காதது இரண்டு சாவில் விளங்கிவிட்டது.

மூன்றாவது உயிரில் அவன் வேறு ஆள். மேட்டுக்குப் பின்னால் பதுங்கினான். நின்றான். சுட்டான். ஓர் எதிரி காலி. இடம் மாறினான், பொறுத்தான், சுட்டான். இரண்டு! கூடமே எழுந்து நின்றது. மூன்றாவது எதிரி மணல்மேட்டிலிருந்து மெள்ள இறங்கி வந்தது. வலைக்குள் மீன் முழுசாக வரட்டும் என்று காத்திருக்கிறவன்போல அவன் காத்திருந்தான்.

"சுடு! சுடுடா!" என்றார் வீரராகவன்.

"இரு அண்ணாத்தே, வரட்டும்."

"ஐயோ, இப்புடி இல்லடா! மொதல்ல இத்த..." என்று பாய்ந்து, தாமோதரன் கைமேல் தன் கையை வைத்து, குச்சியை ஒரு திருப்புத் திருப்பினார்.

டாங்கி பக்கவாட்டாகத் திரும்பி நின்றது. எதிரி அதற்கென்றே காத்திருந்ததுபோல் அடித்தது. ஆட்டம் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தது.

இன்னொரு தடவை என்று நாங்கள் கெஞ்சினோம். பாய் மசிந்திருப்பார். ஆனால் மெஷினை மூட்டை கட்ட வேண்டும், தாமோதரன் தோற்றால் கடை தனக்கு என்று பாயின் பொன்னேரி மச்சான் வேன் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான், அவன் வேறு ரொம்ப நாளாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறான். கடை பொன்னேரிக்குப் போயிற்று. எனக்கு அது அன்றைக்கும் ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

ஜெயம்மா வீரராகவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யோவ், அவுரு கையி நல்லாத்தானேய்யா இருந்திச்சி. ஒங் கையி எதுக்குய்யா அங்க போச்சி?"

தாமோதரன் அவளை அடக்கி அழைத்துக்கொண்டு போனான். திங்கட்கிழமை அதே காலோடு படகில் ஏறினான். அன்று மாலை டீக்கடையில் வீரராகவன் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல பையன்தான். மொதல்ல பொறுமை வேணும். அதுதான் இல்ல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் யாரோ புது ரேடியோவின் முள்ளைத் திருப்பித் திருப்பி ஸ்டேஷன் தேடிக்கொண்டிருந்தார்கள். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே பாட்டு லேசாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. "தள்ளு, தள்ளு, ஒடச்சிடுவே" என்று குறுக்கே ஒரு கை வந்ததே, அதில் இருந்தது யாருடைய மோதிரம்?